சோதனை அட்டையில் ஒரு சுழி

1

ஒரு திங்கட்கிழமை காலை, யாரோ ஒரு வேல்ஸ்காரர் அனுப்பிய முறைப்பாட்டை வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு முதன்முதலில் தோன்றியது. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எதையும் வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. இலக்கம் போட்டு எழுதினால் ஓரளவு அடங்குவேன் என்று நினைக்கிறேன்.

நான் வேலை செய்வது லண்டனில், ஹவுன்ஸ்லோவில், விமானங்கள் கூரையை உரசுவது போலத் தாழப் பறக்கும் ஒரு தொழிற்பேட்டையில். போட்டிகளில் குறிபார்த்துச் சுடுபவர்களுக்கான காற்றுப் பிஸ்டல் செய்யும் சிறிய பட்டறை. பதினான்கு பேர். நான் தரப் பரிசோதகர். அடுத்த அறையில் வாடிக்கையாளர் சேவை மேசை. அதில் இருப்பவர் கோயம்புத்தூர்க்காரர் கார்த்திக்.

அந்தக் காலை கார்த்திக் தன் கதிரையைச் சக்கரத்தோடு உருட்டிக்கொண்டே என் மேசைக்கு வந்தார். கையில் மடிக்கணினி.

"சிந்துஜா, இதைக் கொஞ்சம் பாருங்க. நல்ல மனுஷன். பிஸ்டல் சூப்பரா இருக்குன்னு ரெண்டு பத்தி எழுதியிருக்காரு. மூணாவது பத்தியில பயப்படுறாரு."

மூன்றாவது பத்தி இதுதான்: என் பிஸ்டலோடு நீங்கள் அனுப்பிய சோதனை அட்டையின் மேல் மூலையில் பென்சிலால் ஒரு சிறிய சுழிப்பு இருக்கிறது. என் நண்பரின் அட்டையில் அது இல்லை. உங்கள் பரிசோதகர் எதையோ கவனித்து, வெளிப்படையாக எழுதத் தயங்கி, இப்படி அடையாளம் போட்டிருக்கிறாரா? நான் இதை நம்பிச் சுடலாமா?

கீழே படம். கார்த்திக் அதைப் பெரிதாக்கினார். அட்டை முழுத்திரையானது. மூலையில், என் கையெழுத்தில், ஒரு "உ". அடியில் ஒரு கோடு.

"பிள்ளையார் சுழி தானுங்களே?" என்றார் கார்த்திக், குரலைத் தாழ்த்தி. பிறகு அடக்கமுடியாமல் சிரித்தார். "எங்கப்பா கடை பில்லுல கூட இவ்ளோ அழகாப் போடமாட்டாருங்க!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அதைப் போட்டதே எனக்குத் தெரியாது. அதைவிட, அது என்னுடைய சுழியும் அல்ல. அடிக்கோட்டின் முனையை இடப்பக்கம் சற்றே வளைத்துவிடுவது அம்மாவின் பழக்கம். யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்ப் பட்டியலில் இருந்து என் பள்ளிக்கூடக் கொப்பிகளின் முதல் பக்கம் வரை அம்மா போட்ட அதே சுழி, நான் என்ன வேலை செய்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று இத்தனை மாதமாக மறைத்த அதே பொருளோடு, வேல்ஸ்வரை போயிருக்கிறது.

2

என் வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன். அக்கா வீட்டில் இதற்காகவே சோற்று மேசையில் எனக்குத் தடை. இங்கே நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

இந்த நாட்டில் கைத்துப்பாக்கி சாதாரண மனிதர் வைத்திருக்கக்கூடாத பொருள். காற்றுப் பிஸ்டல் அப்படியல்ல. அழுத்திய காற்றில் ஓடும் ஒரு சிறிய ஈயக்குண்டு, பத்து மீற்றருக்கு அப்பால் ஒரு கடதாசி. ஆனால் அதன் வலு சட்டம் சொல்லும் எல்லைக்கு ஒரு மயிரளவு மேலே போனாலும், அது அந்தக் கணத்திலேயே தடைசெய்யப்பட்ட ஆயுதம். செய்தவனும் குற்றவாளி, வாங்கியவனும் குற்றவாளி. அந்த எல்லைக்கு இப்பக்கம் காவல் நிற்பது நான். ஒவ்வொரு பிஸ்டலையும் வேகமானிக்கு முன்னால் வைத்துச் சுட்டு, எண்ணைக் குறிக்கவேண்டும்.

பிறகு விசைச் சோதனை. அரைக்கிலோ எடைப் படி ஒன்றை விரல் இழுக்கும் விசையில் கொழுவிப் பிஸ்டலை மெல்லத் தூக்குவேன். படி மேசையை விட்டு எழும்பவேண்டும், விசை அசையக்கூடாது. விரலின் நினைப்புக்கு வெடிக்கிற பிஸ்டல் போட்டிக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது.

கடைசியாக அட்டை. பிஸ்டலைக் கிடுக்கியில் இறுக்கி, ஐந்து குண்டு. ஐந்தும் ஒரே துளையாகத் தெரியவேண்டும். ஒரு சட்டைப் பொத்தானால் மூடக்கூடிய துளை. விமானம் போகும்போது கூரைத் தகடு அதிரும். அது அடங்கும்வரை காத்திருந்து சுடவேண்டும். துளை சரியென்றால் அட்டையில் தொடர் எண்ணும் என் ஒப்பமும். அந்த அட்டைதான் வாடிக்கையாளரின் பெட்டியில் போகும். பலர் அதைச் சட்டம் போட்டு மாட்டி வைக்கிறார்கள் என்று கார்த்திக் சொல்வார்.

சுட்ட குண்டுகள் ஒரு தகட்டுத் தட்டில் விழும். டங். டங். டங். முதல் வாரம் அந்தச் சத்தத்துக்கு நான் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

3

அம்மா இருபத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரியில் தாதி. அதில் பாதிக்கு மேல் சத்திரசிகிச்சைக் கூடத்தில். எந்த வருடங்கள் என்று யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வேலைக் கதைகளை அம்மா வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு, எங்களைத் தொடமுன்னர், வாசல் பைப்பில் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். ஆஸ்பத்திரியிலேயே கழுவித்தான் வந்திருப்பார். இருந்தும் இன்னொரு தரம். நானும் அக்காவும் துவாயோடு காத்திருப்போம். ஒரே ஒரு நாள், ஏதோ மிகவும் களைத்த நாள், துடைத்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "குண்டை எடுத்து ட்ரேக்குள்ள போடேக்கை வாற சத்தம்தான் இஞ்சயப்பா. ரத்தத்தைப் பாக்கலாம். அந்தச் சத்தத்தைக் கேக்கேலாது."

அதனால் எங்கள் வீட்டில் விளையாட்டுத் துவக்குக்குக்கூட இடமில்லை. கொழும்பிலிருந்து வந்த மாமா ஒருமுறை எனக்கு நீலப் பிளாஸ்டிக் தண்ணீர்த் துவக்கு ஒன்று கொண்டுவந்தார். அம்மா கோபப்படவில்லை. தேத்தண்ணீர் கொடுத்து, கதைத்து, அவர் புறப்படும்போது அதைப் பையில் சுற்றிப் படலையில் வைத்துக் கையில் கொடுத்துவிட்டார். "குறை நினையாதேங்கோ அண்ணை. இதுக்குப் பதிலா வண்ணப் பென்சில் வாங்கிக் குடுங்கோ." மாமா வண்ணப் பென்சில் அனுப்பினார். நான் அந்தப் பென்சிலால் துவக்குக் கீறினேன். அது வேறு கதை.

நான் இயந்திரப் பொறியியல் படித்தேன். மேற்படிப்புக்கு லண்டன் வந்தேன். படிப்பு முடிந்து, அங்கும் இங்கும் நின்று, ஒன்பது மாதங்களுக்கு முன் இந்த வேலை கிடைத்தது. நுணுக்க அளவீடுகளில் எனக்குப் பைத்தியம். இதைவிட நுணுக்கமான சிறு பொருளை நான் கையில் பிடித்ததில்லை. அம்மா தொலைபேசியில் கேட்டார்: "என்ன கொம்பனி பிள்ளை?"

"அளவுக்கருவி செய்யிற கொம்பனி அம்மா."

"அப்ப ஆஸ்பத்திரிக்கும் விக்கிறவையோ?"

"ஓம்... விப்பினம்."

முதல் பொய் ஒரு சொல். இரண்டாவது பொய்க்கு நான் ஒரு மூச்சுக்கூட எடுக்கவில்லை. அம்மாவின் முகம் திரையில் மலர்ந்ததை மட்டும் பார்த்தேன். அடுத்த நாளே பக்கத்து வீட்டுக்கு, பழைய சிநேகிதிகளுக்கு, எல்லாருக்கும் சொல்லிவிட்டார்: சின்னவள் ஆஸ்பத்திரிச் சாமான் செய்யிற இடத்திலை.

கார்த்திக்கும் வீட்டில் முழுதாகச் சொல்லவில்லை. "நான் விளையாட்டுப் பொருள் கம்பெனின்னு சொல்லிட்டேங்க. பொய் இல்லையே?" என்பார். அவருக்கு அது பொய்யில்லை. அவருடைய அம்மா தட்டில் குண்டு விழும் சத்தத்தைக் கேட்டவர் அல்ல.

4

இனி விசா. ஆறு மாதத்துக்கு முன் அம்மாவை ஒரு கோடைக்கு இங்கே எடுப்பது என்று நானும் அக்காவும் முடிவு செய்தோம். அப்பா போனபின் அம்மா தனி. அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், வேலை, ஹரோவில் வீட்டுக்கடன். பொறுப்பேற்கும் கடிதம் என் பேரில் என்று தீர்மானம். படிவத்தை இங்கிருந்து நானே நிரப்பினேன். அங்கே அம்மா கொழும்பில் கைரேகை வைக்கப் போகுமுன், சந்தியில் போன், நகல் கடை வைத்திருக்கும் கொமினிகேசன்காரர் முழுக் கோப்பையும் அச்செடுத்துக் கொடுப்பார். அம்மா எந்தக் கடதாசியிலும் வாசிக்காமல் கையெழுத்து வைக்கமாட்டார். அகராதி வைத்துக்கொண்டு வாசிப்பார்.

அங்கேதான் நான் தடக்குப்பட்டேன். கோப்பில் என் கொம்பனியின் கடிதமும் சம்பளச் சிட்டையும் வேண்டும். எங்கள் கடிதத் தலைப்பிலேயே பிஸ்டலின் கோட்டுருவம் ஒன்று. போதாக்குறைக்குக் கொம்பனியின் பெயரிலும் அந்தச் சொல். கார்த்திக் கேட்டார், "கம்பெனி லெட்டர் வச்சீங்களா?" வைத்தேன் என்றேன். வைக்கவில்லை. வங்கிக் கூற்று போதும், அழைப்புக் கடிதம் போதும் என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். தரப் பரிசோதகர்!

அம்மா அதற்கிடையில் ஆயத்தமாகிவிட்டார். வாழ்நாள் முழுக்கச் செருப்போடு நடந்தவர். லண்டனில் சப்பாத்துத்தான் போடவேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து ஒன்று வாங்கி, பின்னேரங்களில் வீட்டு விறாந்தையில் போட்டு நடந்து பழகினார். தொலைபேசியைக் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டு எனக்கு நடந்து காட்டுவார். குதி நிலத்தில் படாமல், ஏதோ ஈரத்தில் போவது போல. "இப்ப பரவாயில்லையோ? நேத்து சின்னி விரல் கடிச்சது."

மறுப்புக் கடிதம் ஐந்து வரி. அழைப்பவரின் தொழில் நிலைமை போதிய சான்றுகளோடு காட்டப்படவில்லை. ஆகவே விண்ணப்பதாரி திரும்பிப் போவார் என்று திருப்திப்பட முடியவில்லை. கையெழுத்து வைக்கும் கடதாசி அல்ல என்பதால் அம்மா அகராதியை எடுக்கவில்லை; கொமினிகேசன்காரர் இரண்டாவது வரியை மட்டும் மொழிபெயர்த்தார் போலும். அம்மா என்னிடம் சொன்னது: "அவை என்னை நம்பேல்லையாம் பிள்ளை. திரும்பிப் போகமாட்டனாம். நான் ஏன் மற்றவன்ரை நாட்டிலை ஒளிச்சிருக்கப்போறன்?"

அடுத்த அழைப்பில் விறாந்தைக் கதிரைக்குப் பின்னால் சப்பாத்துப் பெட்டி மூடியோடு இருந்தது. நான் இங்கத்தைய மழையைப் பற்றிக் கதைத்தேன்.

5

எங்கள் தர முகாமையாளர் கிரஹாம். அதிகம் கதைக்காத மனிதர். மேசையில் ஒரு தடித்த கோப்பு. பட்டறையில் எந்தக் கடதாசியில் எந்த அடையாளம் வரலாம், அதன் பொருள் என்ன என்று எல்லாம் அதில் இருக்கும். கார்த்திக் என்னை எச்சரித்தார்.

"பரிசோதகரோட இனிஷியல்னு எழுதிடறேன். முடிஞ்சுது. கிரஹாம்கிட்ட போனா கோப்பைத் தொறப்பாரு."

நியாயமான யோசனைதான். பாதிப் பொய். எனக்குப் பழக்கமான அளவு. ஆனால் நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவின் வளைந்த முனை. எழுந்து கிரஹாமின் அறைக்குப் போய்விட்டேன்.

முழுதும் சொன்னேன். இது எங்கள் ஆட்கள் எழுதத் தொடங்குமுன் போடுவது, பிள்ளையாருக்கு, தடங்கல் வரக்கூடாது என்று, என் கை தானாகப் போட்டிருக்கிறது. அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. கோப்பைத் திறந்தார். "எத்தனை அட்டை?" என்றார்.

இரண்டு நாள் பிடித்தது. நாங்கள் எடுத்து வைத்திருந்த அட்டைப் பிரதிகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சுழி இருந்தது நூற்றெழுபத்தாறில். எல்லாவற்றிலும் இல்லை, கண்டபடிக்கும் இல்லை. ஒவ்வொரு நாளும் முதல் அட்டையில் மட்டும். காலையில் வந்து, மேலங்கி போட்டு, முதல் பிஸ்டலைக் கிடுக்கியில் வைத்து, அட்டையை எடுத்ததும் என் கை யாழ்ப்பாணத்தில் இருந்திருக்கிறது. இரண்டாவது அட்டையில் லண்டனுக்கு வந்துவிட்டிருக்கிறது.

நூற்றெழுபத்தாறு பேருக்கும் கடிதம் போகவேண்டும் என்றார் கிரஹாம். இவ்வளவு சிறிய விஷயத்துக்கா? அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே தருகிறேன்: "விளக்கம் இல்லாத அடையாளத்துக்கு வாடிக்கையாளர் தானே ஒரு விளக்கம் செய்துகொள்வார். அனேகமாகக் கெட்ட விளக்கம். அவர் இரவெல்லாம் அதை யோசித்துக்கொண்டிருப்பார், நாம் ஒன்றுமில்லை என்று இருப்போம். போட்டது நீ. எழுதுவதும் நீயே."

இனிமேல் அட்டையில் போடக்கூடாது என்றும் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, கதவடியில் நான் நிற்கையில், "வேறு தாளில் போடு. அதற்குக் கோப்பில் விதி இல்லை," என்றார்.

கடிதத்தைப் பத்து நிமிடத்தில் எழுதினேன். நான் யார், எங்கிருந்து வந்தேன், அந்தக் குறி என்ன, அது எந்தக் குறையையும் மறைக்கவில்லை, உங்கள் பிஸ்டல் அன்றைய என் முதல் வேலை, கேட்காமல் போட்டதற்கு மன்னியுங்கள். கார்த்திக் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"முன்னப்பின்ன தெரியாத நூத்தெழுபத்தாறு பேருக்கு இவ்ளோ நேர்மையா எழுதுறீங்க," என்றார்.

மறுப்புக் கடிதத்தின் காரணம் அவருக்கு எப்போதோ விளங்கியிருக்க வேண்டும். அம்மா மூன்று மாதமாக விளக்கமில்லாத ஒரு மறுப்போடு இருக்கிறார். தானே ஒரு விளக்கம் செய்துகொண்டு இருக்கிறார். எனக்கு அப்போதுதான் அது உறைத்தது.

(பதில்கள் வந்தன. வேல்ஸ்காரர், தன் அடுத்த பிஸ்டலுக்கும் சுழி கிடைக்குமா, மேலதிகக் கட்டணம் உண்டா என்று கேட்டிருந்தார். ஒரு பெண்மணி, தன்னுடைய அட்டையில் ஏன் இல்லை என்று முறைப்பாடு செய்தார். "இதை எந்தக் கோப்புல சேக்குறது?" என்று கார்த்திக் தலையில் கைவைத்தார்.)

6

அந்தச் சனிக்கிழமை இன்னொன்று நடந்தது. அக்காவின் மூத்தவள் ஆரணிக்கு ஒன்பது வயது. ஹரோவில் சனி தோறும் தமிழ் வகுப்பு. இந்த முறை "எனது குடும்பம்" என்று பேச்சு. அதை வீடியோ எடுத்து அம்மம்மாவுக்கு அனுப்பவேண்டும். பயிற்சி கொடுப்பது நான். ஆரணிக்கு அம்மம்மா என்றால் செவ்வகத்துக்குள் இருக்கும் ஒரு முகம். பிறந்ததிலிருந்து ஒரே ஒரு தடவைதான் நேரில் கண்டாள், அதுவும் நினைவில்லை. அம்மம்மா கதைத்தால் "ஓம், ஓம்" என்பாள், பிறகு என்னைப் பார்த்து, "வட் டிட் ஷீ சே, சித்தி?" என்பாள்.

"என் சித்தி அளவு... அளவுக்..."

"அளவுக்கருவி."

"அளவுக்கருவி செய்யும் கொம்பனியில் வேலை செய்கிறா. சித்தி, வட்ஸ் தட்?"

"மெஷர் பண்ணுற சாமான்."

"பட் யூ மேக் பிஸ்டல்ஸ்."

"ஓம். அம்மம்மாவுக்கு அது விருப்பமில்லை."

அவள் யோசித்தாள். "ஸோ ஐ ஹாவ் டு லை இன் தமிழ்?"

சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். இங்கே பிறந்த பிள்ளைக்குத் தமிழில் ஒரு வசனம் முழுதாகச் சொல்ல ஒரு கிழமை பிடிக்கும். அந்த ஒரு கிழமை உழைப்பை நான் ஒரு பொய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "அந்த வரியை விடு," என்றேன். "சித்தி நல்லாச் சமைப்பா எண்டு சொல்லு."

"தட்ஸ் நொட் ட்ரூ ஐதர்," என்றாள் ஆரணி.

7

ஞாயிறு காலை எடுத்தேன். யாழ்ப்பாணத்தில் மத்தியானம் கழிந்த நேரம். அம்மா சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருப்பார்.

"அம்மா, நான் உங்களுக்கு ஒரு பொய் சொன்னனான்."

அம்மா எழுந்து உட்கார்ந்தார். "ஆரையும் கலியாணம் கட்டிப்போட்டியோ?"

"ஐயோ, இல்லை அம்மா."

"அப்ப வேலை போட்டுதோ?"

"வேலை இருக்கு. வேலையைப் பற்றித்தான்." ஒரே மூச்சில் சொன்னேன். நிறுத்தினால் மறுபடி அளவுக்கருவி என்று சொல்லிவிடுவேன் என்ற பயம்.

அம்மா தொலைபேசியைக் கட்டிலில் வைத்துவிட்டார். திரையில் முகட்டு விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தூரத்தில் பைப் திறக்கும் சத்தம். நீண்ட நேரம் தண்ணீர் ஓடியது. எனக்குத் தெரியும், முழங்கை வரை. திரும்பி வந்தபோது முகம் தாதியின் முகமாக இருந்தது.

"அது என்ன துவக்கு?"

"காத்திலை சுடுறது அம்மா. போட்டிக்கு. கடதாசியிலை சுடுறது."

"ஆளிலை பட்டால்?"

"தோலைக் கிழிக்கும்."

"கண்ணிலை?"

இல்லை என்று சொல்ல என் வாய் ஆயத்தமாக இருந்தது. "கண் போகும்," என்றேன்.

"ம்."

"அம்மா, இன்னொண்டும் இருக்கு. விசா கிடைக்காதது உங்களாலை இல்லை. கொம்பனிக் கடிதத்தை நான்தான் வைக்கேல்லை. நீங்கள் வாசிச்சிடுவீங்கள் எண்டு பயந்து."

துவக்கைவிட இதுதான் அம்மாவைத் தாக்கியது. குரல் உயரவில்லை.

"மூண்டு மாசம் பிள்ளை. மூண்டு மாசமா நான் என்னிலை பிழை தேடினனான். என்ரை வயசைப் பாத்தவங்களோ, தனிச்ச மனிசி எண்டு பாத்தவங்களோ. கொழும்பிலை அந்தப் பெட்டை கேட்ட கேள்விக்கு நான் என்ன மறுமொழி சொன்னனான் எண்டு படுக்கையிலை கிடந்து யோசிச்சனான். நீ தெரிஞ்சுகொண்டு பாத்துக்கொண்டிருந்தனி."

"அம்மா..."

"போனை வை."

நான் வைக்கவில்லை. அம்மா வைத்தார்.

8

திங்கள் செய்தி அனுப்பினேன். செவ்வாயும். வாசித்ததற்கான நீலக் குறிகள் வந்தன, பதில் வரவில்லை. பட்டறையில் ஒவ்வொரு காலையும் சட்டைப்பைக்குள் இருக்கும் ஒரு தாளில் சுழி போட்டேன். பிறகுதான் அட்டையைத் தொட்டேன். செவ்வாய் முதல் பிஸ்டலில் விசை வழுக்கியது. படி எழும்பும் முன்னரே விட்டுவிட்டது. சிவப்பு நாடா கட்டித் திருப்பி அனுப்பினேன். அன்று பின்னேரம் பஸ்ஸில், அம்மா அறுவை முடிந்து தைக்குமுன் பஞ்சுத் துண்டுகளை வாய்விட்டு எண்ணுவார் என்று அவருடைய சிநேகிதி ஒருவர் எப்போதோ சொன்னது நினைவு வந்தது. ஒன்று குறைந்தால் வைத்தியர் கத்தினாலும் தைக்க விடமாட்டாராம். அந்தப் பஸ்ஸில், ஈரக் கண்ணாடியோடு தலை சாய்த்து, எனக்கு அம்மா வேண்டும்போல் இருந்தது. திரையில் வேண்டாம். துவாயோடு நின்று, குளிர்ந்த முழங்கையைத் துடைத்துவிடும் தூரத்தில் வேண்டும்.

வியாழன், சாப்பாட்டு இடைவேளை. அம்மாவின் அழைப்பு. நான் பட்டறைக்கு வெளியே ஓடினேன்.

வணக்கம் இல்லை, சாப்பிட்டியோ இல்லை. "உன்ரை அக்கா சொன்னவள், நீ அந்த அட்டையளிலை சுழி போட்டனியாம்."

"தெரியாமல் போட்டனான் அம்மா."

"சோதிக்க முதல் போட்டனியோ, சோதிச்ச பிறகோ?"

"முதல்."

"அப்ப பிழையான சாமானுக்கும் போட்டிருப்பாய்."

"பிழையெண்டால் அந்த அட்டையைக் கிழிச்செறிஞ்சிடுவம். சாமான் திரும்பிப் போகும்."

"எத்தினை போகும்?"

"கிழமைக்கு ரெண்டு மூண்டு. நான் விடமாட்டன்."

"கத்துவாங்களோ?"

"கத்துவாங்கள்."

ஒரு விமானம் போனது. கதைக்கமுடியாது. அது போகும்வரை இரண்டுபேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எனக்கு இந்த வேலை பிடிக்கேல்லை," என்றார் அம்மா. "நீ என்ன விளக்கம் சொன்னாலும் பிடிக்காது. ஆஸ்பத்திரிச் சாமான் எண்டு ஊரெல்லாம் சொன்னனான், அதுவும் இனி நான்தான் போய்த் திருத்தவேணும். உன்னோடை இன்னும் கோவம்தான். விளங்குதோ?"

"விளங்குது அம்மா."

"அந்தக் கொம்பனிக் கடிதத்தை எடு. துவக்குப் படத்தோடையே வை. ஒண்டும் மறையாதை. நான் நேரை வந்து, உன்ரை மூஞ்சையைப் பாத்து ஏசவேணும். போனிலை ஏச ஏலாது, நீ படத்தை நிப்பாட்டிப்போடுவாய்."

நான் சிரித்தேனோ அழுதேனோ தெரியாது. அம்மா திரும்பி நடந்தார், தண்ணீர் எடுக்கவோ எதற்கோ. தொலைபேசி கதிரையில் சாய்ந்து நின்றதால் விறாந்தை முழுதும் தெரிந்தது. நிலத்தில் சப்பாத்துப் பெட்டி, மூடி வேறாக. அம்மாவின் காலில் அந்த வெள்ளைச் சப்பாத்து. குதி இப்போது நிலத்தில் படுகிறது.

கிரஹாம் கடிதம் தந்துவிட்டார். தலைப்பில் பிஸ்டல், கீழே அவருடைய ஒப்பம், நடுவில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று மூன்று வரி. சம்பளச் சிட்டைகளையும் எடுத்து அடுக்கிவிட்டேன். நாளை சனிக்கிழமை. ஆரணியைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு, வகுப்புக்கு வெளியே இருக்கும் வாங்கில் உட்கார்ந்து படிவத்தை மறுபடி நிரப்பப் போகிறேன். கணினிப் படிவத்தில் சுழி போட இடமில்லை. அதனால் முதலில் ஒரு வெற்றுத்தாள். மூலையில் உ, அடிக்கோட்டின் முனையைச் சற்றே இடப்பக்கம் வளைத்து. அதன் கீழே, அழைப்பவரின் தொழில் என்ற கேள்விக்கு என்ன எழுதப்போகிறேனோ அதை முதலில் தமிழில், அம்மா அகராதி இல்லாமல் வாசிக்கும்படி.